கெர்னல் வழு: திருத்துவதா, மாற்றத்தையே திருப்பி எடுப்பதா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் வைஃபை வரவில்லை. அல்லது மூடி வைத்த மடிக்கணினி எழுந்திருக்க மறுக்கிறது. பழைய கெர்னலில் பூட் செய்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. லினக்ஸ் கெர்னல் வட்டாரத்தில் இதை ரிக்ரெஷன் என்பார்கள்: முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை. கெர்னல் வேலைக்குள் நுழைய இதைவிட வசதியான வாசல் கிடையாது. குற்றவாளி கமிட்டை, அதாவது வழுவைக் கொண்டுவந்த மாற்றத்தை, கண்டுபிடிக்கக் கெர்னலை உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் டிஸ்க்கில் ஐம்பது ஜிபி இடமும் இருந்தால் போதும்.

கண்டுபிடித்த பிறகுதான் கேள்வி வருகிறது. அந்தக் கமிட்டில் உள்ள பிழையைத் திருத்துவதா, கமிட்டையே ரிவர்ட் செய்வதா, அதாவது திருப்பி எடுப்பதா? புதியவர்கள் பெரும்பாலும் ரிவர்ட்டை அவமானமாகவோ சண்டைக்கு இழுப்பதாகவோ நினைத்துத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை; ஏன் என்பது கீழே வருகிறது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தடயத்தைப் பத்திரப்படுத்துங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் லாகை (கெர்னல் எழுதும் பதிவை) எடுத்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு டிமெசெஜ் கட்டளை போதும். கணினி உறைந்துபோய் மறுபடி பூட் செய்திருந்தால் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' முந்தைய பூட்டின் கெர்னல் லாகைக் காட்டும். உறையும் நேரத்தில் டிஸ்க்கில் எழுத அவகாசம் இல்லாமல் போனால் கடைசி வரிகள் அதில் இருக்காது. அப்போது நெட்கன்சோல் வழியாக வேறொரு கணினிக்கு லாகை அனுப்பலாம், சீரியல் கன்சோல் வைக்கலாம், பிஸ்டோர் கோப்பகத்தில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். எதுவும் இல்லையென்றால் திரையை ஃபோனில் படம் எடுங்கள். ஆனால் எழுத்தாகக் கிடைக்கும்போது படம் அனுப்பாதீர்கள். படத்திலிருந்து ஃபங்ஷன் பெயரை நகலெடுத்துத் தேட முடியாது.

லாகில் பல ஊப்ஸ் (கெர்னல் தடுக்கி விழும்போது எழுதும் பிழை அறிக்கை) இருந்தால் முதலாவதுதான் முக்கியம். முதல் ஊப்ஸுக்குப் பிறகு ஏதோ ஒரு பூட்டு (லாக்) பிடித்தபடியே நின்றிருக்கலாம், ஒரு லிஸ்ட் பாதியில் அறுந்திருக்கலாம். அடுத்தடுத்து வருபவை அதன் எதிரொலிகள்.

கெர்னல் டெயின்ட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ராக், சிஸ், கெர்னல் என்று அடுத்தடுத்த கோப்பகங்களுக்குள் டெயின்டட் என்ற கோப்பில் ஓர் எண் இருக்கும். 0 என்றால் சுத்தம். 1 சேர்ந்திருந்தால் மூலநிரல் தராத மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டு) ஏறியிருக்கிறது. 4096 என்றால் கெர்னல் மரத்துக்கு வெளியே இருந்து வந்த மாட்யூல். 512 என்றால் ஏற்கெனவே ஒரு வார்னிங் வந்துவிட்டது. 128 என்றால் ஏற்கெனவே ஒரு ஊப்ஸ். இவற்றின் கூட்டுத்தொகைதான் அங்கே தெரிவது. வெளி மாட்யூலோடு அனுப்பும் புகாருக்கு 'அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்' என்றுதான் முதல் பதில் வரும். அதை நீங்களே முதலில் செய்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

ஊப்ஸை வாசிப்பது

ஓர் உதாரணத்தை எடுத்து, கட்டுரை முழுக்கவும் அதோடு போகலாம். ஒரு நெட்வொர்க் டிரைவர் ஏறும்போது கெர்னல் விழுகிறது என்று வையுங்கள். முதல் வரி, நல் பாயின்டரை (எங்கும் சுட்டாத, மதிப்பு 0 ஆன பாயின்டர்) தொட்டதாகச் சொல்லி, முகவரியாக 0000000000000018 என்று காட்டுகிறது. அந்த எண் வெறும் குப்பை இல்லை. பாயின்டர் நல், அதிலிருந்து பதினாறடிமான 18, அதாவது 24 பைட் தள்ளியிருக்கும் உறுப்பைப் படிக்கப் போயிருக்கிறார்கள். 64 பிட் கணினியில் ஒரு பாயின்டர் 8 பைட். ஸ்ட்ரக்ட்டின் தொடக்கத்தில் மூன்று பாயின்டர்கள் இருந்தால், நான்காவது உறுப்புதான் தொடப்பட்டது. பாஹோல் என்ற கருவி எந்த ஸ்ட்ரக்ட்டில் எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று அச்சிட்டுக் காட்டும்.

அடுத்து, ஆர்ஐபி என்று தொடங்கும் வரி. ஃபங்ஷன் பெயர், கூட்டல் குறி, உள்ளே எத்தனை பைட் தள்ளி, சாய்கோடு, ஃபங்ஷனின் மொத்த நீளம். இதை மூலநிரல் வரியாக மாற்ற ஸ்கிரிப்ட்ஸ் கோப்பகத்தில் 'ஃபேடர்2லைன்' இருக்கிறது. முழு கால் ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) மாற்ற 'டீகோட்_ஸ்டாக்ட்ரேஸ்' இருக்கிறது. இரண்டுக்கும் டீபக் தகவலோடு கட்டிய விஎம்லினக்ஸ் கோப்பு வேண்டும். அதுவும் விழுந்த அதே கெர்னலின் கோப்பு. வேறு தடவை கட்டியதைக் கொடுத்தாலும் கருவி மறுக்காமல் ஏதோ ஒரு வரியைக் காட்டும். அந்த வரியை நம்பி இரண்டு நாள் வீணடிப்பது எளிது.

நம் உதாரணத்தில் கால் ட்ரேஸின் மேற்பகுதி ஐஆர்க்யூ என்ற அடையாளத்துக்குள் இருக்கிறது. எனவே விழுந்தது இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள், அதாவது கருவி சைகை தரும்போது ஓடும் ஃபங்ஷனுக்குள். அது தேடிய ரிங் பஃபரின் (பாக்கெட்டுகளுக்கான வட்ட வரிசை) பாயின்டர் நல். ப்ரோப் (டிரைவர் கருவியைத் தயார்செய்யும் ஃபங்ஷன்) இன்னும் முடியாதபோதே இன்டரப்ட் வந்துவிட்டதோ என்ற சந்தேகம் இங்கேயே எழ வேண்டும். சந்தேகம் மட்டும்தான், உறுதி செய்யும் வேலை பைசெக்ட்டுக்கு, அதாவது கமிட்களைப் பாதி பாதியாக வெட்டிக் குற்றவாளியைத் தேடும் முறைக்கு.

கெர்னலைக் கட்டத் தயாராவது

கெர்னலின் கிட் களஞ்சியத்தை முழுதாக க்ளோன் செய்யுங்கள், அதாவது வரலாற்றோடு நகலெடுங்கள். மேலோட்டமான க்ளோனில் வரலாறு இருக்காது, பைசெக்ட் நடக்காது. மெயின்லைன் (முதன்மை வளர்ச்சி நடக்கும்) களஞ்சியத்தோடு ஸ்டேபிள் (வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் சேரும்) களஞ்சியத்தையும் இன்னொரு ரிமோட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-ஆர்சி2 பதிப்பிலிருந்து (ஆர்சி என்றால் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) தொடங்குகிறது. அதற்கு முந்தைய பிழைகள் எல்லாம் அந்த முதல் கமிட்டின் தலையில்தான் விழும்.

ஓடும் கெர்னலின் கான்ஃபிகை (எதையெல்லாம் கட்ட வேண்டும் என்ற விருப்பப் பட்டியல்) நகலெடுத்து 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தால், அந்த நிமிடத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். ஒரு மணி நேரக் கட்டுமானம் சில நிமிடங்களாகச் சுருங்குவது இதனால்தான். ஆனால் அந்த நேரத்தில் செருகாத யூஎஸ்பி கருவியின் டிரைவரும் வெட்டுப்பட்டுப் போகும். எனவே பயன்படுத்தும் எல்லாவற்றையும் செருகி, ஒருமுறை ஓடவிட்டு, பிறகு கொடுங்கள்.

வழக்கமாக இடறும் மூன்று இடங்கள்:

டெபியன், உபுண்டு கான்ஃபிகை அப்படியே எடுத்தால், சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று கட்டுமானம் நிற்கும். சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற விருப்பத்தைக் காலியாக்குங்கள். அது போலவே ரிவொகேஷன் கீஸ் இருந்தால் அதையும்.

செக்யூர் பூட் இயங்கினால் நீங்கள் கட்டிய கெர்னல், கையொப்பம் இல்லாததால், பூட் ஆகாது. சோதனைக் காலத்துக்கு அணைத்து வைப்பது சுலபம்.

டீபக் தகவலோடு மாட்யூல்களை நிறுவினால் இனிட்ராம் கோப்பு பருத்து பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். மாட்யூல்களை நிறுவும்போது 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்' மாறியை (இது மட்டும் பேரெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டோடு) 1 என்று வையுங்கள். விஎம்லினக்ஸ் கோப்பு கட்டிய கோப்பகத்திலேயே இருப்பதால் தடயம் ஆராய அது போதும்.

பைசெக்ட்டுக்கு முன் இன்னொரு சோதனை: இன்றைய மெயின்லைன் கெர்னலைக் கட்டிப் பாருங்கள். வழு அங்கே இல்லையென்றால் யாரோ ஏற்கெனவே திருத்திவிட்டார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்தத் திருத்தத்தை. கேட்க வேண்டியது அதை ஸ்டேபிளுக்குக் கொண்டுவரும்படி.

பைசெக்ட்

ஒரு மெயின்லைன் வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறத்தாழ 13,000 முதல் 15,000 கமிட்கள் வரும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 14 தடவை கட்டிச் சோதித்தால் ஒரே கமிட்டில் வந்து நிற்கும். 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்', பிறகு 'கிட் பைசெக்ட் குட்' என்று நன்றாக இருந்த பதிப்பு, 'கிட் பைசெக்ட் பேட்' என்று கெட்ட பதிப்பு. கிட் நடுவில் ஒன்றை எடுத்துத் தரும். கட்டுங்கள், நிறுவுங்கள், பூட் செய்யுங்கள், சோதியுங்கள், குட் அல்லது பேட் சொல்லுங்கள். சொல்ல இவ்வளவுதான். கெடுவது இதன் இடுக்குகளில்.

பூட் ஆனதும் 'யூநேம் -ஆர்' கொடுத்து, சோதிக்க வேண்டிய கெர்னலில்தான் இருக்கிறோமா என்று பாருங்கள். க்ரப் மெனு பழைய கெர்னலையே தேர்ந்தெடுத்திருக்க, அதைச் சோதித்துவிட்டு 'குட்' என்று சொல்லிவிட்டால் மீதி எல்லாச் சுற்றும் வீண். கான்ஃபிகில் தானியங்கி லோக்கல்வெர்ஷன் இருந்தால் கமிட்டின் ஹாஷும் (அதன் அடையாளக் குறி) பெயரில் தெரியும்.

பெயரில் தெரியும் பதிப்பு எண் கண்டு மிரள வேண்டாம். 6.5 நன்று, 6.6 கெட்டது என்று தொடங்கியிருப்பீர்கள். நடுவில் கிட் 6.4-ஆர்சி சொல்லும் ஒரு கெர்னலைக் கையில் கொடுக்கும். பிழை இல்லை. 6.6-க்காக எழுதிய கமிட்கள் பல, 6.4 அல்லது 6.5 காலத்தில் பிரிந்த கிளைகளில் வளர்ந்து பிறகு வந்து கலந்தவை. மேக்ஃபைலில் இருக்கும் எண் கிளை பிரிந்த இடத்தைக் காட்டுகிறது.

கான்ஃபிகை ஒவ்வொரு சுற்றிலும் அசலில் இருந்து நகலெடுங்கள். 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' தனக்குத் தெரியாத விருப்பங்களை ஓசையில்லாமல் நீக்கிவிடும். பின்னோக்கிப் போகும் சுற்றில் நீக்கியது, முன்னோக்கி வரும் சுற்றில் தானாகத் திரும்பாது. உங்கள் டிரைவரே கட்டப்படாத கெர்னலில் டிரைவர் விழவில்லை என்று 'குட்' போட்டுவிடுவீர்கள்.

கட்டுமானமே உடைந்தாலோ, வேறு ஏதோ காரணத்தால் பூட் ஆகாவிட்டாலோ 'பேட்' சொல்லாதீர்கள். அதற்குத்தான் 'கிட் பைசெக்ட் ஸ்கிப்'. பேட் என்றால் நீங்கள் துரத்தும் அதே வழு, அதே ஊப்ஸ் என்று மட்டுமே பொருள்.

அவ்வப்போது மட்டும் தலைகாட்டும் வழுதான் பைசெக்ட்டுக்கு எமன். மூன்று பூட்டில் ஒன்றில் மட்டும் வருகிறது என்று வையுங்கள். கெட்ட கெர்னலை ஒருமுறை மட்டும் பூட் செய்து பார்த்தால், நன்றாக இருக்கிறது என்று ஏமாற மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பத்து முறை பூட் செய்தால் அந்த வாய்ப்பு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். பேட் என்று சொல்ல ஒரு முறை விழுந்தால் போதும்; குட் என்று சொல்லத்தான் பொறுமை வேண்டும். க்யூஎமூ என்ற மெய்நிகர் கணினியில் மறுபடி வரவைக்கக்கூடிய வழு என்றால் இதை 'கிட் பைசெக்ட் ரன்' பார்த்துக்கொள்ளும். உங்கள் ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் குட், 125 திருப்பினால் ஸ்கிப், 1 முதல் 127 வரை மற்ற எதுவானாலும் பேட்.

'கிட் பைசெக்ட் லாக்' தரும் பட்டியலைச் சேமித்து வையுங்கள். ஒரு சுற்றில் தவறாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால், அந்த வரியைத் திருத்தி ரீப்ளே கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குற்றவாளிதானா?

பைசெக்ட் காட்டிய கமிட் உங்கள் வழுவோடு தொடர்பே இல்லாத மூலையில் இருக்கலாம். வைஃபை வழுவுக்கு ஆவணத் திருத்தம் ஒன்றைக் கைகாட்டினால் எங்கோ ஒரு சுற்றில் தவறு. பொருத்தமாகத் தெரிந்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: இன்றைய மெயின்லைன் மீது அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்து கட்டுங்கள். வழு போய்விட்டதா? போனால் வழக்கு முடிந்தது. இந்த ஒரு வரி உங்கள் புகாரில் இருந்தால் பராமரிப்பாளர் அதை எடுத்துக்கொள்ளும் வேகமே வேறு.

'கிட் ரிவர்ட்' சில நேரம் மோதலில் நிற்கும். அந்தக் கமிட்டுக்குப் பிறகு அதே கோப்பில் என்ன நடந்தது என்பதை கிட் லாகில் கமிட் முதல் ஹெட் வரை என்று வரையறுத்துப் பாருங்கள். அதன் மேல் கட்டிய பின்தொடர் கமிட்கள் இருந்தால் புதியதிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொன்றாகத் திருப்பி எடுங்கள். மோதலே இல்லாமல் ரிவர்ட் ஆனாலும் நிம்மதி அடைய வேண்டாம். அந்தக் கமிட் அறிமுகப்படுத்திய ஃபங்ஷனை வேறொரு கோப்பு இப்போது அழைத்துக்கொண்டிருக்கலாம். கிட்டுக்கு அது தெரியாது. கம்பைலர்தான் சொல்லும், அதுவும் அந்தக் கோப்பு உங்கள் கான்ஃபிகில் இருந்தால். 'கிட் க்ரெப்' செய்து பெயரைத் தேடிவிடுங்கள்.

மெர்ஜ் கமிட்டை (கிளைகளைக் கலக்கும் கமிட்) ரிவர்ட் செய்வது புதியவருக்கான வேலை இல்லை. கிட் எந்தப் பெற்றோர் பக்கம் போவது என்று கேட்கும். '-எம் 1' கொடுத்தால் நடக்கும். ஆனால் பிறகு அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய கமிட்கள் திரும்பி வராது. ஏற்கெனவே வந்துவிட்டவை என்றே கிட் கணக்கு வைத்திருக்கும். ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தால்தான் வரும்.

இப்போது முடிவு: திருத்தமா, ரிவர்ட்டா?

2019-இல் 5.3 வெளியீட்டுக்குச் சற்று முன் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கமிட், டிஸ்க் வாசிப்புகளைச் சேர்த்து அனுப்பி அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தது. நல்ல மாற்றம். ஆனால் டிஸ்க் இன்டரப்ட் குறைந்ததால், பூட் நேரத்தில் ரேண்டம் எண்களுக்கான என்ட்ரோபி (கணிக்க முடியாத தரவு) சேரவில்லை. கெட்ரேண்டம் அழைத்த நிரல் என்ட்ரோபிக்காகக் காத்து நிற்க, சில கணினிகளில் பூட்டே நின்றுபோனது. எக்ஸ்ட்4 கமிட்டில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனாலும் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ரிவர்ட் செய்துவிட்டுத்தான் 5.3-ஐ வெளியிட்டார். 5.4-க்கான வேலையில் ரேண்டம் பக்கம் சரிசெய்யப்பட்டதும் எக்ஸ்ட்4 மாற்றம் மறுபடி உள்ளே வந்தது.

ரிவர்ட் என்பது தீர்ப்பு அல்ல என்று சொல்வது இதனால்தான். பயனரை நேற்றைய நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நிதானமாக யோசிக்க நேரம் வாங்குவது அது. கமிட்டை எழுதியவர் திறமைசாலியா, கமிட் அழகானதா என்பதெல்லாம் இதில் வராது.

எங்கள் பரிந்துரை இது. காரணம் புரிந்துவிட்டது, திருத்தம் சில வரிகளில் அடங்கும், எழுதியவர் பதில் தருகிறார் என்றால் திருத்துங்கள். காரணம் புரியவில்லை, அல்லது புரிந்தாலும் திருத்தம் பெரிதாகப் போகிறது, அல்லது ஆர்சி6, ஆர்சி7 என்று வெளியீடு நெருங்கிவிட்டது என்றால் ரிவர்ட் கேளுங்கள். புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ, அதன்பின் வாரம் ஒரு ஆர்சி, பெரும்பாலும் ஆர்சி7-ஓடு முடியும் என்பதுதான் காலண்டர். ஆர்சி7 வாரத்தில் புதிதாக எழுதிய இருநூறு வரித் திருத்தம், தீர்க்க வந்த வழுவைவிட அபாயமானது.

ரிவர்ட் செய்யக்கூடாத இடமும் உண்டு. அந்தக் கமிட் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்ததாக இருந்தால் திருப்பி எடுத்ததும் ஓட்டை திறக்கும். டிஸ்க்கில் எழுதும் வடிவத்தை மாற்றியிருந்தால், புதிய வடிவில் எழுதப்பட்ட டிஸ்க்குகள் ஏற்கெனவே உலகில் இருக்கும். யூசர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) பயன்படுத்தத் தொடங்கிவிட்ட இடைமுகத்தைச் சேர்த்திருந்தால், அதை எடுப்பதே இன்னொரு ரிக்ரெஷன்.

திருத்தம் எழுதுவது

நம் உதாரணத்துக்கு வருவோம். பைசெக்ட் காட்டிய கமிட், ப்ரோப் ஃபங்ஷனை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி, இன்டரப்ட் பதிவுசெய்யும் அழைப்பை ரிங் பஃபர் ஒதுக்குவதற்கு மேலே நகர்த்தியிருக்கிறது. பதிவுசெய்த அந்த நொடியிலேயே இன்டரப்ட் வரலாம். ஃபர்ம்வேர் அந்தக் கார்டை ஓடவிட்டபடியே கெர்னலிடம் ஒப்படைத்த கணினிகளில் வந்தே தீரும். எழுதியவர் கணினியில் வந்திருக்காது, அதனால்தான் தப்பிவிட்டது.

புதியவர் இங்கே முதலில் எழுதுவது, ஹேண்ட்லரின் தலையில் 'ரிங் நல் என்றால் என்னுடையது இல்லை என்று திரும்பு' என்ற ஒரு வரி. ஊப்ஸ் நின்றுவிடும், நோய் நிற்காது. லெவல் வகை இன்டரப்ட்டை யாரும் கவனிக்கவில்லையென்றால் அது அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு லட்சத்தில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்கவில்லையென்றால் கெர்னல் 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டு அந்த இன்டரப்ட்டையே அணைத்துவிடும். இப்போது கார்டு செத்த மாதிரி உட்கார்ந்திருக்கும், அதே இன்டரப்ட்டைப் பகிரும் பக்கத்துக் கருவியும் சேர்ந்து. நல் சோதனை சேர்க்கும்போதெல்லாம் 'இது ஏன் நல்லாக இருக்கிறது' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்கும் இடத்தில்தான் திருத்தம் போக வேண்டும்.

சரியான திருத்தம்: ரிங் ஒதுக்கி, எல்லாம் தயாரான பிறகு இன்டரப்ட்டைப் பதிவுசெய்வது. அழைப்பைக் கீழே நகர்த்தினால் இடையில் பிழை வந்தால் தாவும் 'கோடூ' லேபிள்களின் வரிசையும் மாறும். இன்டரப்ட் பதிவு தோற்றால் ரிங்கை விடுவிக்கும் லேபிளுக்குப் போக வேண்டும். முன்பு அது தேவைப்பட்டிருக்காது. லேபிள்கள் ஒதுக்கிய வரிசைக்கு நேர் எதிராக இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ரிமூவ் (டிரைவரை இறக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) பக்கத்தையும் திறந்து பாருங்கள். இன்டரப்ட்டை டெவ்எம் (கெர்னலே தானாக விடுவிக்கும்) வகை அழைப்பால் பதிவுசெய்து, ரிங்கை ரிமூவ் ஃபங்ஷனுக்குள் கையால் விடுவித்தால் சிக்கல். டெவ்எம் வளங்கள் ரிமூவ் முடிந்து திரும்பிய பிறகுதான் விடுபடும். ரிங் போய்விட்டது, இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒன்று வந்தால் விடுவித்த நினைவகத்தைத் தொடுவீர்கள். பகிர்ந்த இன்டரப்ட்டை விடுவிக்கும்போது ஹேண்ட்லரை வேண்டுமென்றே ஒருமுறை அழைத்துப் பார்க்கும் டீபக் ஷிர்க் என்ற கான்ஃபிக் விருப்பம் இந்த வகைக்கென்றே இருக்கிறது.

சோதனைக்கு கேசான் போட்ட கெர்னல் ஒன்று, லாக்டெப் போட்டது ஒன்று. முதலாவது விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும். இரண்டாவது லாக் வரிசை தவறுவதைப் பிடிக்கும். அட்டாமிக் ஸ்லீப் சோதனையையும் போட்டுவிடுங்கள். தூங்கக்கூடாத ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு, தூங்க வைக்கக்கூடிய ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு நினைவகம் கேட்பது புதியவர் திருத்தங்களில் அடிக்கடி வரும் பிழை. டிரைவரை இருபது முப்பது முறை ஏற்றி இறக்குங்கள்.

ஒரு பேட்ச்சில் (அனுப்பும் மாற்றக் கோப்பு) ஒரு திருத்தம். போகிற வழியில் கண்ணில் பட்ட இடைவெளிப் பிழைகளைச் சேர்த்தால் ஸ்டேபிளுக்கு எடுக்க முடியாமல் போகும். ரிமூவ் பக்கத் திருத்தம்கூடத் தனி பேட்ச்தான்.

கமிட் செய்தி

பராமரிப்பாளர் நிரலுக்கு முன் இதைத்தான் படிக்கிறார். தலைப்பு, உட்பிரிவின் பெயர், முக்காற்புள்ளி, என்ன செய்கிறது என்ற சிறு வாக்கியம். அந்தக் கோப்பின் கிட் லாகைப் பார்த்து அதே பாணியில் எழுதுங்கள். உடல் பகுதியில் வரிசை முக்கியம்: பயனருக்கு என்ன தெரிகிறது, ஏன் நடக்கிறது, எப்படித் திருத்தியிருக்கிறது. நம் உதாரணத்தின் சாரம், தமிழில் சொன்னால்:

'ஃபர்ம்வேர் கார்டை இயக்கிய நிலையில் விட்டிருந்தால் டிரைவர் ஏறும்போது நல் பாயின்டர் ஊப்ஸ் வருகிறது. இன்டரப்ட், ரிங் ஒதுக்குவதற்கு முன்பே பதிவாகிறது. ஹேண்ட்லர் ரிங்கைச் சோதிக்காமல் பயன்படுத்துகிறது. பதிவை ரிங் ஒதுக்கிய பிறகு செய்யவும்.'

கீழே ஊப்ஸில் தேவையான ஆறேழு வரிகள், நேரமுத்திரைகளை வெட்டிவிடுங்கள். அதன்பின் டேக்குகள். ஃபிக்ஸஸ் வரியில் குற்றவாளி கமிட்டின் ஹாஷில் 12 எழுத்து, அடைப்புக்குறிக்குள் அதன் தலைப்பு, நீண்டாலும் மடக்கக்கூடாது. புகார் சொன்னவருக்கு ரிப்போர்ட்டட்-பை, அதற்கு அடுத்த வரியில் க்ளோசஸ் என்று புகாரின் இணைப்பு. ஸ்டேபிளுக்குப் போக வேண்டுமானால் ஸ்டேபிள் முகவரிக்கு சிசி வரி. ஃபிக்ஸஸ் இருந்தாலே ஸ்டேபிளுக்குப் போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டாம். கடைசியாக உங்கள் சைன்ட்-ஆஃப்-பை. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. இல்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ரிவர்ட்டுக்கும் இதே கவனம் தேவை. 'கிட் ரிவர்ட்' தானாக எழுதித் தருவது, இன்ன கமிட்டைத் திருப்பி எடுக்கிறது என்ற ஒரு வரி மட்டுமே. ஏன் என்று அதில் இல்லை. அதை அப்படியே அனுப்பினால் திரும்பி வரும். என்ன உடைந்தது, யாருக்கு, ஏன் நேரடியாகத் திருத்தவில்லை, ரிவர்ட்டால் எதை இழக்கிறோம் என்று நான்கு வாக்கியம் எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். திருப்பி எடுக்கும் கமிட் இன்னொரு வழுவின் திருத்தமாக இருந்தால், அந்த வழு மறுபடி வரும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். முழு 40 எழுத்து ஹாஷ் உள்ள வரியை அழிக்காதீர்கள். ஃபிக்ஸஸ் வரியும் சேருங்கள். சைன்ட்-ஆஃப்-பை தானாக வராது, '-எஸ்' கொடுக்க வேண்டும். பின்னாளில் அந்த ரிவர்ட்டை ரிவர்ட் செய்ய நேர்ந்தால், கிட் 2.43 முதல் தலைப்பில் ரிவர்ட் ரிவர்ட் என்று அடுக்காமல் ரீஅப்ளை என்று போடும்.

அனுப்புவது

'செக்பேட்ச்' ஓட்டுங்கள். அதன் எச்சரிக்கைகள் எல்லாம் வேதவாக்கு இல்லை. ஆனால் டேக் வடிவம் தவறு என்றால் கேளுங்கள். 'கெட்_மெயின்டெயினர்' ஸ்கிரிப்ட்டுக்கு பேட்ச் கோப்பைக் கொடுத்தால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் வரும். குற்றவாளி கமிட்டை எழுதியவர் பட்டியலில் இல்லையென்றால் நீங்களே சேருங்கள். ரிவர்ட்டை அவருக்குத் தெரியாமல் அனுப்புவது மட்டும்தான் உண்மையான மரியாதைக் குறைவு.

'கிட் ஃபார்மேட்-பேட்ச்', 'கிட் சென்ட்-ஈமெயில்'. உலாவியில் திறந்த மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பாதீர்கள். டேப் எல்லாம் இடைவெளியாகி, வரிகள் மடங்கி, பேட்ச் ஏறாது. இணைப்பாகவும் வேண்டாம். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, 'கிட் ஏஎம்' ஏற்கிறதா என்று பாருங்கள்.

பதில் வரவில்லையென்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டுங்கள். மெர்ஜ் விண்டோ நடந்தால் இன்னும் பொறுங்கள். மாற்றம் கேட்டால் வி2 அனுப்புங்கள். வி1-இலிருந்து என்ன மாறியது என்பதை பேட்ச்சில் உள்ள மூன்று சிறுகோட்டுக்குக் கீழே எழுதினால் அது கமிட் செய்தியில் சேராது. நெட்வொர்க் பிரிவில் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 24 மணி நேரமாவது விட வேண்டும், திருத்தங்களுக்குத் தலைப்பில் நெட் என்றும் புதிய வசதிகளுக்கு நெட்-நெக்ஸ்ட் என்றும் போட வேண்டும். மற்ற பிரிவுகளுக்கு வேறு வழக்கங்கள் உண்டு.

மெயின்லைனில் சேர்ந்த பிறகே ஸ்டேபிள். அங்கே விதி கறாரானது: மெயின்லைனில் இருக்க வேண்டும், சூழல் வரிகளோடு 100 வரிக்கு மேல் போகக்கூடாது, உண்மையான வழுவைத் திருத்த வேண்டும். பழைய கிளையில் உங்கள் பேட்ச் ஏறவில்லையென்றால் 'ஃபெயில்ட்' என்று தொடங்கும் தானியங்கி மின்னஞ்சல் வரும். அதை நிராகரிப்பு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அந்தக் கிளைக்குப் போய் 'கிட் செர்ரி-பிக் -எக்ஸ்' செய்து, மோதலைக் கையால் தீர்த்து, கட்டிச் சோதித்து, மெயின்லைன் ஹாஷோடு திருப்பி அனுப்பச் சொல்லும் கடிதம் அது. தேவையான கட்டளைகள் அந்தக் கடிதத்திலேயே வரிசையாக இருக்கும்.